காலுக்கு ஒரு காவல்

அய்யலூரில் வியாழக்கிழமையென்றால் ஆட்டுச் சந்தை. சென்ற சித்திரையில் ஒரு வியாழனன்று, சந்தை கலைகிற வேளையில் நாம் அவ்வழியே வந்தோம். பெரியவர் ஒருவர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். கருவேல முள்ளொன்று ரப்பரைத் துளைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தது. குதிகாலில் இரத்தம்.

"வலிக்கவில்லையா, பெரியவரே?" என்று கேட்டோம்.

"குத்துனதே தெரியலீங்க, வாத்தியாரய்யா. சர்க்கரை வந்து பத்து வருசமாச்சு. காலு மரக்கட்டையாட்டம் ஆயிப்போச்சு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நம்மை உறுத்தியது. வலியை நாம் பகைவனென்று நினைக்கிறோம். அதுவோ சம்பளம் வாங்காத காவற்காரன். அவன் ஓடிப்போன வீட்டில் திருடன் புகுவது எளிது.

இவ்வுண்மையை நம் வேலூரிலேயே கண்டு தெளிந்தார்கள். 1946-ல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்டு. தொழுநோயாளரின் பாதம் தானாகவே அழுகிவிடுகிறது என்று அந்நாளில் உலகம் நம்பியிருந்தது. அவர் ஆராய்ந்து, உணர்ச்சியற்ற கால் தானறியாமற் படும் காயங்களே பெரும்பாலும் காரணம் என்று காட்டினார். மிருதுவான நுண்துளை ரப்பரில் அவர்களுக்குப் பாதரட்சைகள் செய்விக்கப்பட்டன. இன்று எம்.சி.ஆர். செருப்பு என்று நீரிழிவுக்காரருக்கு வைத்தியர்கள் சொல்வதும் அவ்வகையே.

வெயிற்காலத்தில் காற்றோட்டத்துக்காக நாம் மாட்டிக்கொள்ளும் சாதாரண ரப்பர்ச் செருப்பு, கடைத்தெரு வரையில் போய்வரப் போதும். ஆனால் குதிகாலைப் பிடிக்க அதில் வாரில்லை. விரல்களே அதைப் பற்றிக்கொண்டு நடக்கவேண்டும். கட்டைவிரல் இடுக்கில் வார் உராய்ந்து புண்ணாகும். திறந்த குதிகால் உலர்ந்து வெடிக்கும். அடிப்புறம் தேய்ந்துவிட்டாலோ, கருவேல முள்ளுக்கு அது வெறுங் காகிதம்.

ஆகவே, நீண்ட தூரம் நடப்போர் குதிகால் வாருள்ள செருப்பையே வாங்குக. நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்ப்பது நலம். அணியுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். இரவில் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். குதிகாலுக்குத் தேங்காயெண்ணெய் தடவலாம்; இடுக்குகளில் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுக. நீரிழிவுள்ளோர் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடத்தலும், வெந்நீரின் சூட்டைக் காலால் பார்த்தலும் ஆகாது. அடிப்பாதத்தை நாள்தோறும் கண்ணாடியிலோ, வீட்டாரைக் கொண்டோ பார்க்கவேண்டும். சிறு கொப்புளமாயினும் கைவைத்தியம் செய்யாது மருத்துவரிடம் காட்டுக.

பெரியவரை அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினோம். அடுத்த சந்தையில், காலில் கட்டோடு, வார் வைத்த புதுச் செருப்பணிந்து வந்தார்.

"ஆடு புடிக்கிறப்ப நாலு குளம்பையும் தூக்கிப் பாக்குறேன், வாத்தியாரய்யா. எங் காலு ரெண்டத்தான் இத்தனை நாளாப் பாக்கல" என்றார்.

நாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?