பை மட்டும்தானே சார்?

போதைப்பொருள் எதிர்ப்பு மன்றக் கூட்டத்தில் உடல்நலக் கேடுகளைப் பற்றிப் பேசி முடித்திருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். “இழுக்கிறவனுக்குக் கேடு, சரி சார். ஒரு ஊர்ல பையை வாங்கி இன்னொரு ஊர்ல குடுத்துட்டு வர்றவனுக்கு என்ன சார்? அவன் பை மட்டும்தானே தூக்குறான்?” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்வியை அவன் தானாக யோசித்திருப்பான் என்று தோன்றவில்லை. யாரோ அவனிடம் பேசியிருக்கிறார்கள்.

ஒரகடத்தில் இப்படிப் பேச ஆள் கிடைப்பது அரிதல்ல. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் இங்கேதான் குறுக்கிடுகின்றன. ரெனால்ட், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ் என்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. மூன்று ஷிப்டுக்கும் ஆள் ஏற்றி இறக்கும் பேருந்துகள், வரிசை வீடுகளில் ஓர் அறைக்கு நான்கைந்து பேர், தோளில் பையோடு வந்து இறங்கும் புதுமுகங்கள். கிராமமாக இருந்த காலத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்தால் தேநீர்க் கடையில் நாலு பேர் விசாரிப்பார்கள். இன்று யாரும் கேட்பதில்லை. அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு ஷிப்டில் இருக்கும் வீட்டில், பையன் இரவு எங்கே இருந்தான் என்று கேட்கவும் பல நாள் ஆளிருப்பதில்லை.

தமிழ்நாட்டில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருகிறது. முன்பு விசாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்து, 2022-இல் அல்லூரி சீதாராம ராஜு மாவட்டமாகப் பிரிந்த மலைப்பகுதி ஒருபுறம். ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் மறுபுறம். 2021 இறுதியில் ஆந்திரக் காவல்துறை ‘ஆபரேஷன் பரிவர்த்தனா’ என்ற பெயரில் அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை அழித்தது. 2022 மார்ச்சில் தமிழகக் காவல்துறை ‘கஞ்சா வேட்டை 2.0’ தொடங்கியது. பயிரிடுபவர் பெரும்பாலும் ஏழைப் பழங்குடியினர். சுமப்பவரும் ஏழைதான். இவ்விருவருக்கும் நடுவில் பணம் போட்டவர் மலைக்கும் போவதில்லை, ரயிலிலும் ஏறுவதில்லை.

சுமப்பவனின் பயணத்தில் சினிமாவில் வரும் சாகசம் எதுவும் கிடையாது. முன்பதிவில்லாப் பெட்டியில் ஓர் இரவும் பகலும். பை ஓரிடத்தில், அவன் வேறோரிடத்தில். ஆனால் கண் பையை விட்டு நகராது, அதனால் தூக்கமும் இல்லை. சீருடை தெரிந்தால் வயிறு கலங்கும். கையில் இருக்கும் கைபேசி அவனுடையதல்ல. கொடுத்தவனையும் வாங்கப்போகிறவனையும் தவிர அந்தச் சங்கிலியில் அவனுக்கு யாரையும் தெரியாது. அந்த இருவரின் உண்மையான பெயரும் தெரியாது. கும்மிடிப்பூண்டி அருகே எளாவூர் சோதனைச் சாவடியிலோ, சென்ட்ரல் நடைமேடையிலோ அவன் பிடிபட்டால், மறுமுனை எண் அணைந்துவிடும். நட்டக் கணக்கில் ஒரு பையும் ஒரு பையனும். அடுத்த வாரத்துக்கு வேறொருவன்.

மாணவனின் கேள்விக்கு வருவோம். போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985 முதலில் பார்ப்பது எடையை. கஞ்சாவில் ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், 20 கிலோ வரை: பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ‘வணிக அளவு’ 20 கிலோவைத் தாண்டியதும் தொடங்குகிறது. அங்கே குறைந்தபட்சமே பத்தாண்டு. இருபதாண்டு வரை போகலாம், ஜாமீனும் எளிதில் கிடைக்காது. ஒரு பயணப்பை கொள்ளும் எடை இது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

“உள்ளே என்ன இருந்ததுன்னு தெரியாது” என்ற பதிலையும் சட்டம் எதிர்பார்த்தே இருக்கிறது. பிரிவு 35-இன்படி, தெரிந்தே செய்தார் என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். தெரியாது என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியவர் பை வைத்திருந்தவர்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிறார் நீதிச் சட்டம், 2015 பொருந்தும். அவர்களைக் காவல்நிலைய லாக்கப்பில் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இதைத்தான் தரகர்கள் “நீ சின்னப் பையன், ஒண்ணும் ஆகாது” என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது பிரிவு 15. ஏழாண்டும் அதற்கு மேலும் குறைந்தபட்சத் தண்டனையுள்ள குற்றம் ‘கொடுங்குற்றம்’. 20 கிலோவைத் தாண்டிய கஞ்சா அதில் சேரும். பையனுக்குப் பதினாறு முடிந்திருந்தால், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பின் பெரியவர்களைப் போலவே விசாரிக்கப்படலாம். அதாவது, நம் மேல்நிலை வகுப்பு மாணவர்கள்.

அதே சட்டத்தின் பிரிவு 78 நமக்கு இன்னும் முக்கியமானது. போதைப்பொருளைச் சுமக்கவோ விற்கவோ கடத்தவோ குழந்தையைப் பயன்படுத்துகிறவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பை தூக்கிய பையன் இந்தப் பிரிவில் குற்றவாளியல்ல, பாதிக்கப்பட்டவன். வழக்கு நடக்கும்போது இதை எடுத்துச் சொல்ல அவன் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தாரா என்பதில்தான் பல நேரம் வித்தியாசம் வருகிறது.

பெரிய வகுப்புகளில் இன்னொரு கேள்வியும் வரும்: “கனடாவுல, தாய்லாந்துல அனுமதிச்சுட்டாங்களே?” மழுப்ப வேண்டாம். கனடா 2018-இல் அனுமதித்தது. தாய்லாந்து 2022-இல் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே ஆசியாவில் சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை வரை உண்டு. 2023 ஏப்ரல் 26 அன்று அங்கே 46 வயதுத் தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோவைச் சற்றே தாண்டிய கஞ்சா. அதை அவர் கையால் தொடவும் இல்லை. கடத்தலை ஒருங்கிணைத்ததாக அவருடைய கைபேசி எண்களை வைத்து வழக்கு நிறுவப்பட்டது. அந்தத் தண்டனை சரியா என்று மாணவர்கள் விவாதிக்கட்டும்; விவாதிக்க வேண்டிய விஷயம்தான்.

நாம் காவலர்கள் அல்ல. பையைச் சோதிப்பது, வகுப்பின் முன் விசாரிப்பது, ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளையைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது – மூன்றும் தவறு. மூன்றாவதை நான் ஆசிரியர் அறையிலேயே கேட்டிருக்கிறேன். ஊரைப் பார்க்காமல் பையனைப் பார்த்தால் போதும்: வெள்ளி முதல் திங்கள் வரை அடிக்கடி விடுப்பு, வீட்டுக்குத் தெரியாத இரண்டாவது கைபேசி, விலைக்கணக்கு சொல்ல முடியாத காலணி, ஊர் பெயர் தெரியாத ஒரு ‘அண்ணன்’. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். தனியாக அழைத்து, “யாராவது உன்னைப் பை எடுத்துவரச் சொன்னாங்களா?” என்று நேராகக் கேட்கலாம். பயந்தபடி ஆமாம் என்றால், தலைமையாசிரியர் வழியாக 1098-க்கோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ சொல்லுங்கள். விற்பவரைப் பற்றிய தகவலுக்கு 10581.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், இப்படிச் சிக்கிய பதினைந்து வயதுப் பையன் திரும்பி வந்தபோது மாற்றுச் சான்றிதழை நீட்டினார்கள். “மத்தப் பிள்ளைங்க கெட்டுப்போவாங்க” என்றார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சிறாராக விசாரிக்கப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது பிரிவு 24. பெயரையும் பள்ளியையும் வெளியிடக்கூடாது என்கிறது பிரிவு 74. அந்தப் பையன் வேறு எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. ஒரகடம் கூட்டுச் சாலையில் அவனை ஒருமுறை பார்த்தேன். தோளில் பை இருந்தது. உள்ளே சாப்பாட்டு டப்பா என்றான். நம்பினேன்.