பழைய கேமராவும் நாமும் – 11: நகர மறுக்கும் லீவர்

பின்மூடி ஓரத்தில் பிசுபிசுத்துப் போன கறுப்பு நுரைப்பட்டையை மாற்றுவது பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், பழைய கேமரா வைத்திருக்கும் எல்லோரையும் என்றாவது ஒருநாள் கலங்கடிக்கிற சங்கதி: ஃபிலிம் லீவர் நகரவில்லை.

லீவரை ஒருமுறை இழுத்தால் உள்ளே மூன்று வேலைகள் நடக்கும். ஃபிலிம் ஒரு படத்தின் அளவுக்கு நகரும். ஷட்டரின் ஸ்பிரிங் முறுக்கேறும். படக்கணக்கு ஒன்று கூடும். முறுக்கேறிய ஷட்டரை அமுக்கி விடுவிக்கும்வரை லீவர் மறுபடி வராதபடி ஒரு பூட்டும் உண்டு. மறதியில் இரண்டு முறை இழுத்து ஃபிலிமை வீணாக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. லீவர் அடம்பிடித்தால், பெரும்பாலும் கோளாறு வேறெங்கோ இருக்கும்.

அது எங்கே என்று கண்டுபிடிக்க, லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று விரலால் கவனியுங்கள்.

தொடக்கத்திலேயே சுவரில் முட்டியதுபோல் நின்றால், ஷட்டர் ஏற்கெனவே முறுக்கேறியிருக்கிறது. பட்டனை அமுக்குங்கள். 'கிளிக்' வரவில்லையா? பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். கேனன் ஏஇ-1 இதற்கு நல்ல உதாரணம். அதில் ஷட்டரை விடுவிப்பது மின்காந்தம்; 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரும் அசையாது, லீவரும் அசையாது. மேலே இடப்பக்கம் உள்ள சோதனை பட்டனை அமுக்கி வியூஃபைண்டரில் பாருங்கள். முள் 5.6க்குக் கீழே வந்து நின்றால் பேட்டரி சரி. மாற்றுவதென்றால், முன்பக்கமுள்ள பேட்டரி மூடியை நிதானமாகத் திறங்கள்; சுலபமாக உடைகிற பிளாஸ்டிக் அது.

ஏஇ-1 வந்த அதே 1976இல் வந்ததுதான் பென்டாக்ஸ் கே1000. அதில் பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே. லீவர் நின்றதற்குப் பேட்டரியைக் குற்றம் சொல்ல முடியாது. நிக்கான் எஃப்இ இன்னொரு ரகம்: பேட்டரி இறந்தால் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். ஷட்டர் வேக வளையத்தை எம்90க்கோ பி-க்கோ திருப்பினால் விடுபடும்.

லீவர் பாதி வழி வந்து, ஃபிலிமின் இழுவை விரலில் தெரிய நின்றால், படக்கணக்கைப் பாருங்கள். 24ஐயோ 36ஐயோ ஒட்டியிருந்தால் ரோல் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். இன்னும் ஒரு படம் கிடைக்காதா என்று இழுக்கிற ஆசைதான் ஆபத்து. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்துக்குப் பக்கத்துக்கு 8 துளைகள். பற்சக்கரம் அவற்றைப் பிடித்துத்தான் ஃபிலிமை நகர்த்துகிறது. பலமாக இழுத்தால் அந்தத் துளைகள் கிழியும், அல்லது ரோலின் வால் டப்பாவிலிருந்து பிய்ந்து வரும். பாலியெஸ்டர் ஃபிலிம் என்றால் லேசில் கிழியாது. கேமராவின் பற்களுக்குத்தான் சேதம். அடியிலுள்ள ரீவைண்ட் பட்டனை அமுக்குங்கள். பாதியில் நின்ற லீவர் பல சமயம் அப்போதே வழிவிடும். பிறகு ஃபிலிமைச் சுற்றி எடுத்துவிடலாம்.

படக்கணக்கு பத்தோ பன்னிரண்டோதான், ரீவைண்டும் சுற்றவில்லை என்றால், உள்ளே ஃபிலிம் கிழிந்தோ மடிந்தோ கிடக்கலாம். வெளிச்சத்தில் பின்மூடியைத் திறக்காதீர்கள். இருட்டறையிலோ, கைவிட்டு வேலை செய்யும் கறுப்புப் பையிலோ வைத்து ஃபிலிமை எடுங்கள். பிறகு வெறும் கேமராவில் லீவரை இழுத்துப் பாருங்கள். ஓடினால் குற்றம் ஃபிலிமுடையது. ஓடாவிட்டால் மெக்கானிக்கிடம் போகவேண்டிய நேரம்.

எண்ணெய் மட்டும் விடாதீர்கள். லீவரில் விட்ட சொட்டு அங்கேயே நிற்காது. மெல்லப் பரவி ஷட்டர்வரை போய்விடும். அப்புறம் சின்ன ரிப்பேர் பெரிய செலவாகும். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது மூன்று விவரம் சொல்லுங்கள்: லீவர் எங்கே நின்றது, எத்தனையாவது படம், பேட்டரி எப்போது போட்டது. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்த வாரம்: பூஞ்சை பிடித்த லென்ஸ்.