உங்களுக்குத் தெரியுமா? கணினியில் நேரம் மிச்சம்!

கணினி முன் நாள் முழுக்க உட்காருபவர்களுக்கு நேரம் சில்லறை சில்லறையாகக் கரைகிறது. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை போய்வர ஒரு நொடி, மெனுவில் தேட நாலு நொடி, செய்ததையே திரும்பச் செய்ய அரை மணி. அதைப் பிடித்து நிறுத்த விண்டோஸ் கணினியில் ஏற்கெனவே இருக்கும் வழிகள் இவை.

● மூடிய டேப் திரும்ப வரும். பத்து டேப்கள் திறந்திருக்கும்போது வேண்டியதையே மூடிவிட்டீர்களா? கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு, டேப் என்பதன் முதல் எழுத்தான ‘டி’யைத் தட்டுங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும். மறுபடி தட்டினால் அதற்கு முன்பு மூடியதும் வரும்.

● காப்பி செய்த 25 விஷயங்கள் காத்திருக்கும். கன்ட்ரோல் + வி கடைசியாகக் காப்பி செய்ததை மட்டுமே ஒட்டும். விண்டோஸ் பொத்தானுடன் ‘வி’யைத் தட்டினால் முன்பு எடுத்தவை எல்லாம் பட்டியலாக விரியும். 2018-இல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி இது. முதல் தடவை மட்டும் ‘ஆன்’ செய்ய வேண்டும். அடிக்கடி தேவைப்படும் அலுவலக முகவரியைப் ‘பின்’ செய்துவிட்டால் கணினியை அணைத்துப் போட்டாலும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: காப்பி செய்த பாஸ்வேர்டும் அந்தப் பட்டியலில் நிற்கலாம். பலர் புழங்கும் கணினி என்றால் பட்டியலை அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

● கட், காப்பி, பேஸ்ட்டுக்கு ஒரு தகப்பன் உண்டு. அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1970-களில் இந்த முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். 2020-இல் மறைந்தார். கீபோர்டின் கீழ் வரிசையில் இசட், எக்ஸ், சி, வி நான்கும் பக்கம் பக்கமாக இருப்பதால், இடது கையை நகர்த்தாமலே இந்த மூன்றையும், ‘அன்டூ’வையும் செய்துவிடலாம்.

● எக்செல் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். ஒரே கட்டத்தில் ‘செல்வி, திருச்சி’ என்று பெயரும் ஊரும் சேர்ந்திருக்கும் பட்டியல் வந்திருக்கிறது. ஐந்நூறு வரிகள், ஊர் மட்டும் தனியே வேண்டும். ஒட்டியுள்ள காலியான நெடுவரிசையில், முதல் வரிக்கு நேராகத் ‘திருச்சி’ என்று நீங்களே அடியுங்கள். அடுத்த கட்டத்துக்கு இறங்கி, கன்ட்ரோலுடன் ‘இ’ எழுத்தைத் தட்டுங்கள். மீதி ஊர்கள் ஒரே மூச்சில் கீழிறங்கும். ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எக்செல் 2013-இல் வந்த இந்த ‘ஃப்ளாஷ் ஃபில்’ பிறக்கக் காரணம் ஒரு விமானப் பயணம். உடன் வந்த பெண்மணி எக்செல்லில் பெயர்களைச் சீராக்க வழி கேட்டார். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் சுமித் குல்வானியிடம் அப்போது விடை இல்லை. அந்தக் கேள்விதான் அவரை இந்த ஆய்வில் இறக்கியது.

● தேதியை அடிக்கவே வேண்டாம். எக்செல் கட்டத்தில் கன்ட்ரோலுடன் அரைப்புள்ளியைத் தட்டினால் இன்றைய தேதி விழும், நாளைக்கு மாறாது. எண்களுக்குக் கீழே நின்று ஆல்ட்டுடன் சமக்குறியைத் தட்டி, என்டர் கொடுத்தால் கூட்டுத்தொகை தயார்.

● இருபது ஃபைல்களுக்கு வரிசையாகப் பெயர். ஸ்கேன் செய்த சான்றிதழ்களில் முதல் ஃபைலைத் தேர்ந்து எஃப்2 அழுத்திப் பெயரை மாற்றுங்கள். என்டருக்குப் பதில் டேப் விசையைத் தட்டினால், அடுத்த ஃபைல் பெயர் மாற்றத்துக்குத் தயாராக நிற்கும். மவுஸே தேவையில்லை.

● தமிழ்99-இல் புள்ளி தானாக விழும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற இந்த விசைமுறையில் உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் வலது பக்கம். ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி வந்துவிடும். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. ங-வுக்குப் பின் க தட்டினாலும் ‘ங்க’ ஆகும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற விண்டோஸ் + ஸ்பேஸ் பார்.

● அனுப்பிய மெயிலை நிறுத்தலாம். ஜிமெயில் செட்டிங்ஸில் ‘அன்டூ சென்ட்’ நேரத்தை 30 நொடியாக வையுங்கள். இணைப்பை மறந்தது பெரும்பாலும் அந்த 30 நொடிக்குள்தான் உறைக்கும்.

● எழுந்ததும் பூட்டு. விண்டோஸ் + ‘எல்’ தட்டினால் திரை உடனே பூட்டிக்கொள்ளும். திறந்த ஃபைல்கள் அப்படியே இருக்கும். டீ குடிக்கப் போகும் ஐந்து நிமிடத்துக்கும் இது அவசியம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் வேலையில் தினமும் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அதற்கானதை மட்டும் எடுத்து இந்த வாரம் முழுக்கப் பயன்படுத்துங்கள். விரலுக்குப் பழகிய பிறகு அடுத்தது. ஒரே செயலை மூன்றாவது முறையாகக் கையால் செய்கிறீர்கள் என்று தோன்றும்போதெல்லாம், குறுக்குவழி உண்டா என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். மிச்சமாகும் நேரத்தை இன்னொரு ஃபைலுக்குக் கொடுத்துவிடாமல், சரியான நேரத்துக்கு வீட்டுக்குக் கிளம்புங்கள்.