மொட்டை மாடி ஒழுகினால் எங்கே பார்ப்பது?

தீபாவளி நெருங்கினால் தாம்பரம் முதல் ஊரப்பாக்கம் வரை கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாடி ஒழுகும் நினைவு எல்லோருக்கும் அப்போதுதான் வருகிறது. பூச்சு வேலைக்கு அது தோதான காலமே அல்ல. ஈரத்தளத்தின் மேல் பூசிய வாட்டர்புரூஃப் பூச்சு, உள்ளே அடைபட்ட ஈரம் வெயிலில் ஆவியாகும்போது கொப்புளித்து உரியும். மழைக்காலத்தில் ஒழுகலைப் பார்த்துக் குறித்து வையுங்கள்; பூச்சை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது விரிசலை அல்ல, தண்ணீர் போகும் வழியை. சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. 1,000 சதுர அடி மாடியில் அது ஏறக்குறைய 45,000 லிட்டர். இலை அடைத்த ஒற்றைக் குழாய் அதை எப்படி இறக்கும்? வண்டலூர் காட்டை ஒட்டிய தெருக்களில் சருகுக்குப் பஞ்சமில்லை. குழாய் வாயில் கம்பிவலை போடுங்கள். வலையையும் வாரம் ஒருமுறை துடையுங்கள். மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியின் மணல் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் குழாயிலேயே எதிர்த்து நின்று மாடியில் தேங்கும். பெருமழையில் தண்ணீரை நேராக வெளியே விட ஒரு மாற்றுவழி இருக்க வேண்டும்.

அடுத்தது வாட்டம். மழை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து மேலே போய், தண்ணீர் தேங்கிய இடங்களைச் செங்கல் துண்டால் வட்டமிடுங்கள். பத்து அடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும். குழி விழுந்த தளத்தில் எந்தப் பூச்சும் நிலைக்காது. டப்பாவில் பத்து வருட உத்தரவாதம் என்று போட்டிருப்பதை அந்தக் குழி படித்துப் பார்ப்பதில்லை.

கீழே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைப்பவர்கள் அதிகம். நம் மாடிகளில் கான்கிரீட்டுக்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த தளம், அதன் மேல் தட்டோடு. ஓட்டின் இடுக்கில் இறங்கும் தண்ணீர் இந்த அடுக்குகளுக்குள் பல அடி நகர்ந்து வேறெங்கோ சொட்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். கத்திரி வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்கும்போது, அதே அளவுக்கு அசையாத சுவரிலிருந்து அது பிரிகிறது. பிறகு குழாய் வாய், தொட்டி நிற்கும் மேடை, சுவரில் முளைத்த அரசங்கன்று. கன்றை வேரோடு எடுக்காமல் ஒடித்துவிட்டால் அடுத்த மழையில் இரட்டிப்பாக வரும்.

இதற்கு மேலும் இடம் பிடிபடவில்லையா? கோடையில் குழாய் வாயை அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். மழையே இல்லாத மாதத்திலும், இப்படித் தண்ணீர் நிறுத்தாதபோதே கறை ஈரமாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் மாடி அல்ல; தொட்டியின் குழாய்.

உள்கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தால் கதை வேறு. துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது. அதை வெறும் சிமென்டால் மூடி மறைக்காமல் பொறியாளரிடம் காட்டுங்கள். பழைய ஓட்டின் மேல் இன்னோர் அடுக்கு ஓடு போடச் சொல்பவரிடம் தளம் தாங்குமா என்று கேளுங்கள்.

வெயிலுக்காக மாடியில் தகரப் பந்தல் போடுவது இப்போது தெருவுக்குத் தெரு நடக்கிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது; அந்தக் காற்றுக்குத் தளர்ந்த தகரம் எம்மாத்திரம்? புரட்டாசியிலேயே ஏறி, கழன்ற திருகாணிகளை முடுக்கி, வெடித்துப்போன ரப்பர் வாஷர்களை மாற்றிவிடுங்கள். பந்தல் கால்களைத் தளத்தைத் துளைத்து நடுவதைவிட, மேலே நீட்டி விட்டிருக்கும் தூண் கம்பிகளோடு இணைப்பது நல்லது. துளைத்தே ஆக வேண்டுமென்றால், காலைச் சுற்றி நாலங்குலம் உயரத்துக்குக் கான்கிரீட் எழுப்பி, தண்ணீர் அதை அண்டாமல் விலகி ஓடும்படி சரிவு கொடுக்கச் சொல்லுங்கள்.