டாக்டருக்குப் படிக்கப் போகிறீர்களா?

ஒரு நாள் இரவு. திண்டிவனத்தில் ஒரு பாதிரியார் பங்களா.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. இளம்பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு பிராமணர் நின்றார். மனைவிக்குப் பிரசவ வேதனை என்றும், உடனே வரவேண்டும் என்றும் கெஞ்சினார்.

"எனக்கு வைத்தியம் தெரியாது. என் தந்தைதான் டாக்டர். அவரை அழைத்துப் போங்கள்" என்றாள் அந்தப் பெண். அந்நிய ஆண் தம் மனைவியைத் தொடக்கூடாது என்று சொல்லி, அவர் திரும்பிப் போய்விட்டார்.

அதே இரவில் ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு இன்னொரு இந்து வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு!

பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் மாண்டுபோனார்கள் என்ற செய்தி வந்தது.

அந்த இளம்பெண்தான் ஐடா ஸ்கடர். 1870-ம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்தவர். இந்தியாவில் தங்க அவருக்கு விருப்பமே இருந்ததில்லை. அந்த ஓர் இரவு அவர் மனதை மாற்றியது. அமெரிக்கா சென்று 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூருக்கு வந்து, ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியம் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. பல மாநிலங்களில் இருந்து ரெயில் ஏறி நோயாளிகள் வந்து இறங்கும் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி, அந்த ஒற்றைப் படுக்கையில் இருந்து வளர்ந்ததுதான்!

எதற்காகப் படிக்கிறோம்?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும், டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் பாடுபடும் பெற்றோர் பலர். "நம் பிள்ளை டாக்டர் ஆகவேண்டும்" என்பது அவர்கள் கனவு. கனவு நல்லதுதான். ஆனால் மாணவன் தன்னைத் தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "நான் எதற்காக டாக்டர் ஆகவேண்டும்?"

பணத்துக்காக என்றால் அதற்கு வேறு வழிகள் உண்டு. எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. அதன்பிறகு ஓராண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி. ரத்தத்தையும் அழுகையையும் தினமும் பார்க்கவேண்டும். பதில் தெளிவாக இருப்பவர்கள்தான் சலிக்காமல் நிற்பார்கள்.

முடியாது என்றார்கள், முடித்தார்கள்!

1918-ல் பெண்களுக்காக ஒரு மருத்துவப் பள்ளியை வேலூரில் ஐடா தொடங்கினார். பெண்கள் படிக்க வரமாட்டார்கள் என்று பலர் சொன்னார்கள். ஆனால் விண்ணப்பங்கள் குவிந்தன. 1922-ல் முதல் அணி படித்து முடித்து வெளியே வந்தது. 1942-ல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

இன்று வாசலில் நிற்பது "நீட்" தேர்வு. 180 கேள்விகள், 720 மார்க். இதில் உயிரியலுக்கு மட்டும் 360. பாதி மார்க்! ஆகவே உயிரியல் பாடப் புத்தகத்தை வரி விடாமல் படிக்கவேண்டும். சரியான விடைக்கு 4 மார்க். தவறினால் 1 மார்க் போய்விடும். தெரியாத கேள்வியில் குருட்டாம்போக்கில் கை வைக்காதீர்கள். தமிழிலேயே எழுதலாம். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்தால் படித்தது மனதில் நிற்காது.

6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. அவர்களுடைய கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. ஏழைப் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோயாளியின் மொழி

ஐடா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நோயாளிக்காகக் காத்திருக்கவில்லை. குடியாத்தம் சாலையில் மோட்டாரில் போனார். வழியில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். மோட்டாரையே பார்த்திராத கிராமத்தார் பேய் என்று ஓடினார்களாம்! பிறகு அதே வண்டிக்காக வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார்கள்.

இந்த வட்டாரத்தில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் ஒலிக்கின்றன. பக்கத்து வீட்டாரின் மொழியை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். "எங்கே வலிக்கிறது அம்மா?" என்று நோயாளியின் மொழியில் கேட்டால், பாதி நோய் பறந்துபோகும்.

சக்கர நாற்காலியில் ஓர் டாக்டர்

மேரி வர்கீஸ் வேலூரில் படித்த டாக்டர். 1954-ல் கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவர் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்! வெளிநாடு சென்று மேலும் படித்துத் திரும்பினார். தன்னைப் போல் நடக்க முடியாதவர்களுக்காக மறுவாழ்வு நிலையம் 1966-ல் உருவாக உழைத்தார். 1972-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடிவந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பரீட்சையில் இடம் கிடைக்காமல் போகலாம். அன்று பிள்ளையிடம், "உன்னால் நம் மானமே போயிற்று" என்று சொல்லாதீர்கள். சோறு போட்டு, பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை பேசாமல் மூலையில் முடங்கினால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

டாக்டர் மட்டுமா உயிரைக் காப்பாற்றுகிறார்? நர்சு, பிசியோதெரபிஸ்ட், ரத்தப் பரிசோதனை செய்பவர் எல்லோரும் சேர்ந்தால்தான் ஆஸ்பத்திரி. 1909-லேயே வேலூரில் நர்சுப் பயிற்சியையும் ஐடா தொடங்கினார். கைகள் பல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று இரவு கதவு மூன்று முறை தட்டப்பட்டது. உதவ முடியாமல் நின்றவர், உதவக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். மாணவர்களே! உங்கள் கதவும் ஒருநாள் தட்டப்படும். அன்று எந்த வேலையில் இருந்தாலும், எழுந்து போகத் தயாராக இருங்கள்.