செல்ல நாயின் இருமலை அசட்டை செய்யாதீர்கள்



மாலையில் வேலை முடிந்து களைப்போடு வீட்டுக் கதவைத் திறக்கிறீர்கள். உங்கள் காலடி ஓசை கேட்டதுமே ஓடிவந்து துள்ளிக் குதிக்கிறது வீட்டிலுள்ள பொமரேனியன் நாய். ஆனால் இரண்டு துள்ளலுக்குள் நின்றுவிடுகிறது. கழுத்தை முன்னே நீட்டி, வாத்து கத்துவதைப் போன்ற ஒலியோடு விடாமல் இருமுகிறது. எலும்பு சிக்கிவிட்டதோ என்று பிள்ளைகள் பதறுகிறார்கள். சில நிமிடங்களில் இருமல் அடங்குகிறது. நீங்களும் அதை மறந்துவிடுகிறீர்கள். மறுநாள் மீண்டும் அதே இருமல்.

இந்த இருமலை மறந்துவிடலாகாது. மூச்சுக்குழல் தொய்வு என்னும் நோயின் அடையாளமாக இது இருக்கக்கூடும். கால்நடை மருத்துவர்கள் இதனை 'டிரக்கியல் கொலாப்ஸ்' என்பார்கள்.

நோயின் தன்மை

நாயின் மூச்சுக்குழல், ஆங்கில 'சி' எழுத்தின் வடிவிலுள்ள ஏறத்தாழ 35 முதல் 45 குருத்தெலும்பு வளையங்களால் ஆனது. வளையத்தின் திறந்த பகுதியை மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. குருத்தெலும்பு வலுவிழக்கும்போது வளையங்கள் தட்டையாகின்றன. சவ்வு தொய்ந்து உள்ளே இறங்குகிறது. நைந்துபோன உறிஞ்சு குழலால் இளநீரை வேகமாக உறிஞ்சினால் குழல் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? ஏறக்குறைய அதுவே இங்கும் நிகழ்கிறது. கழுத்துப் பகுதியில் தொய்வு இருந்தால் மூச்சை உள்ளே இழுக்கும்போது குழல் ஒடுங்கும். மார்புக்குள் இருந்தால் மூச்சை வெளியே விடும்போதும் இருமும்போதும் ஒடுங்கும்.

ஒவ்வொரு இருமலும் குழலின் உட்புறத்தைப் புண்படுத்துகிறது. புண்பட்ட இடம் வீங்குகிறது. வீக்கம் மறுபடியும் இருமலை வரவழைக்கிறது. இந்தச் சுழற்சியை உடைப்பதே சிகிச்சையின் முதல் நோக்கம்.

மருத்துவர்கள் இந்நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றனர். முதல் நிலையில் குழலின் உள்வழி கால் பங்கு குறைகிறது, இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் முக்கால் பங்கு, நான்காவதில் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.

எந்த நாய்களுக்கு வரும்?

பொமரேனியன், யார்க்ஷயர் டெரியர், சிவாவா, சிறிய பூடில், பக், ஷிட்சு போன்ற சிறு இனங்களிலேயே இது மிகுதி. அடுக்குமாடி வீடுகளில் நாம் விரும்பி வளர்ப்பவையும் இவையே. பெரும்பாலும் நடுவயதிலும் முதுமையிலும் நோய் வெளிப்படுகிறது. பரம்பரைக் கூறும் இருப்பதாகக் கருதப்படுவதால், நோயுள்ள நாயை இனப்பெருக்கத்திற்கு விடாதிருப்பது நல்லது.

வாயில் விரலை விடாதீர்கள்

எலும்பு சிக்கியிருக்கிறது என்று நாமே முடிவு செய்து, நாயின் வாய்க்குள் கையை விடுவது ஆபத்தானது. வெறிநோய் கண்ட நாயும், தொண்டை அடைபட்டதுபோல் வாய் பிளந்து எச்சில் வடிக்கும். அறிகுறி தோன்றிய பிறகு வெறிநோயிலிருந்து ஒருவரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். ஆகவே உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டு, அதன் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். இருமலைக் கேட்டு அஞ்சும் அண்டை வீட்டாருக்கும் அது ஆறுதல் தரும்.

மருத்துவர் என்ன செய்வார்?

இருமலுக்குக் காரணம் பல. சிறு இன முதிய நாய்களுக்கு இதய வால்வு கசியும் நோயும் சாதாரணமாக உண்டு; சில நாய்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஆதலால் மருத்துவர் இதய ஒலியைக் கேட்பார், எக்ஸ்-ரே எடுப்பார். மூச்சின் போக்கிற்கேற்பக் குழல் சுருங்கி விரிவதால், ஒரே படத்தில் நோய் தென்படாமல் போகலாம். மூச்சை இழுக்கும்போது ஒன்றும் விடும்போது ஒன்றும் எடுப்பது நலம். தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப்பினால் உள்ளே பார்ப்பார்கள். நாய் இருமுவதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டு செல்லுங்கள். அது மருத்துவருக்குப் பேருதவி. மும்பையில் பரேலிலும் பெங்களூருவில் ஹெப்பாளிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன என்பதையும் நினைவில் வையுங்கள்.

இருமலை அடக்கும் மருந்து, மூச்சுக்கிளைகளை விரிக்கும் மருந்து, வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஆகியவை கொடுக்கப்படுகின்றன. ஸ்டீராய்டை நீண்ட நாள் கொடுத்தால் பசி மிகுந்து உடல் பருக்கும், நோயும் மோசமாகும். எனவே மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் நீட்டிக்காதீர்கள். சொல்லாமல் திடீரென நிறுத்தவும் செய்யாதீர்கள்.

1994-இல் பிரிட்டனில் 100 நாய்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. அவற்றுள் 71 நாய்களுக்கு அறுவை சிகிச்சையின்றியே ஓராண்டுக்கு மேல் நோய் கட்டுக்குள் இருந்தது. மருந்துக்கு அடங்காத நாய்களுக்குக் கழுத்துப் பகுதியில் வெளிப்புற வளையங்கள் பொருத்துவதும், குழலுக்குள் உலோக வலைக்குழல் வைப்பதும் உண்டு. இவற்றால் மூச்சு எளிதாகும். ஆயினும் நோய் வேரோடு நீங்குவதில்லை. செலவும் பின்விளைவுகளும் உண்டு என்பதை முன்னரே கேட்டறிந்து முடிவு செய்யுங்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

1. கழுத்துப் பட்டையை இன்றே கழற்றிவிடுங்கள். மார்பைச் சுற்றி அணியும் ஹார்னெஸில் கயிற்றை மாட்டுங்கள்.

2. எடையைக் குறையுங்கள். தடவிப் பார்த்தால் விலா எலும்புகள் கைக்குத் தெரிய வேண்டும். பிள்ளைகள் அன்போடு நீட்டும் பிஸ்கட்டும் சிப்ஸும் அதற்குத் தீங்கே.

3. சிகரெட், கொசுவர்த்திச் சுருள், ஊதுவத்தி ஆகியவற்றின் புகை படாமல் பாருங்கள். மிளகாய் தாளிக்கும்போது நாயை வேறு அறையில் விடுங்கள்.

4. நாய் இளைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது. ஆகையால் வெயில் ஏறுமுன்னும் சாய்ந்தபின்னும் மட்டுமே நடக்க அழைத்துச் செல்லுங்கள்.

5. நீங்கள் வீடு திரும்பும்போது உடனே கொஞ்சி அதனைக் கிளர்ச்சியடையச் செய்யாதீர்கள். அது அமைதியான பின்பு தடவிக்கொடுங்கள்.

6. மனிதருக்கான இருமல் மருந்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். சிலவற்றிலுள்ள சூடோஎபெட்ரின், சைலிடால் போன்றவை நாயின் உயிருக்கே ஆபத்தானவை.

7. மே மாதத்தில் ஊருக்குப் புறப்படும்போது, இந்த நோயுள்ள நாயை இரயிலின் பிரேக் வேன் கூண்டில் ஏற்றாதீர்கள். அந்த வெப்பத்தையும் அச்சத்தையும் அதனால் தாங்க இயலாது. நம்பிக்கையான ஒருவரிடம் மருந்துக் குறிப்போடு விட்டுச் செல்லுங்கள்.

உடனே விரைய வேண்டிய நேரம்

ஈறும் நாக்கும் நீலம் பாய்ந்தாலும், நாய் மயங்கி விழுந்தாலும், ஓய்வாக இருக்கும்போதே மூச்சுக்குத் தவித்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, சத்தமின்றி ஆறுதல்படுத்தி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வாசகர்களே, சொந்த ஊரை விட்டு வந்த இடத்தில், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் வேளையில் வாசலில் அவர்களுக்காகக் காத்திருப்பது பல வீடுகளில் இந்தச் சிறு பிராணிதான். இருமல் தொல்லையென்று அதைத் தெருவில் விட்டுவிடுவோரும் உண்டு. நாம் அப்படிச் செய்யலாகாது. நோய் முற்றிலும் நீங்காவிட்டாலும், நம் கவனிப்பினால் இன்னும் பல ஆண்டுகள் அது நிம்மதியாக மூச்சுவிட முடியும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதலில் அந்தக் கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள்.