ஒரு பாட்டில்... அஞ்சு நாள்... ஒரு அம்மாயி!

நம்ம ஊரில் சாராயக் கடைக்கு 'ஒயின் ஷாப்' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! உள்ளே போய் "ஒயின் குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். 'ஆள் வெளியூரோ' என்பது போலப் பார்ப்பார் சேல்ஸ்மேன். பிராந்திக்குச் சட்டென்று நீளும் கை, ஒயினுக்கு மட்டும் மேல் ஷெல்ஃபில் தூசி தட்டித் தேடும்.

நண்பர் ஒருவருக்கு ஆபீஸ் சேலத்தில். வீடு, கை முறுக்குக்குப் பேர் போன ஆட்டையாம்பட்டியில். "பார் கூச்சல் வேணாம் ஸார். பர்ஸும் கிழியக் கூடாது. வீட்ல உக்காந்து ஒரு கிளாஸ் ரெட் ஒயின்... அவ்வளவுதான்" என்றார்.

ஆசை சின்னதுதான். ஆனால் ஜில்லா லேசுப்பட்டதில்லை! 1937 அக்டோபர் 1-ம் தேதி, சென்னை மாகாணத்தில் முதன்முதலாக ராஜாஜி மதுவிலக்கு கொண்டு வந்தது சேலம் ஜில்லாவில்தான். கள்ளு, சாராயத்தில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. இன்றைக்கு டாஸ்மாக் கடை நடப்பதும் அதே 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்தான். இதற்குமேல் ஜோக் எழுத நமக்கு என்ன வேலை?

சரி, 21 வயது நிரம்பியவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

நண்பர் முதலில் வாங்கியது கேபர்நே சாவின்யோன். ஒரு வாய் குடித்துவிட்டு, "கஷாயம் ஸார்!" என்று அலறினார். தப்பு ஒயின் மேல் இல்லை. திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் உள்ள துவர்ப்புதான் அது. நாவல்பழம் தின்றால் நாக்கு இழுக்குமே, அதே சமாசாரம். சர்க்கரை எல்லாம் புளித்துச் சாராயமாகிவிட்டதால் இனிப்பும் இருக்காது. இதைத்தான் 'ட்ரை' என்கிறார்கள். புதுசாக ஆரம்பிப்பவருக்கு ஷிராஸ் தேவலை. துவர்ப்பு கொஞ்சம் அடங்கி, பழ ருசியோடு லேசாக மிளகு வாசனையும் வரும். 'போர்ட்' என்று லேபிள் ஒட்டி வரும் நம்ம நாட்டுச் சரக்கு பெரும்பாலும் சர்பத் இனிப்பு. முதல் கிளாஸ் ஜோர், ரெண்டாவது திகட்டும்.

பிரான்ஸ் பாட்டிலுக்கு ஆசைப்பட்டால் இறக்குமதி வரியே பாதி சம்பளத்தைத் தின்றுவிடும். பெங்களூர் பக்கம் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர், 1999-ல் நாசிக்கில் ஆரம்பித்த சுலா... இப்படி நம்ம ஆட்கள் போடுகிற ஷிராஸே வீட்டுக்குப் போதும். நாமே பார்த்து எடுக்க, பெரிய நகரங்களில் உள்ள டாஸ்மாக் 'எலைட்' கடை வசதி.

வாங்கும்போது...

'பழசானால் ருசி கூடும்' என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தாது. விலை குறைந்த ரெட் ஒயின், சீக்கிரம் குடிக்கவே செய்தது. லேபிளில் வருஷம் போட்டிருந்தால், கிட்டத்து வருஷமாகப் பார்த்து எடுங்கள். வெயில் படுகிற இடத்தில் நின்ற பாட்டில், கார்க் மேலே தூக்கிக்கொண்ட பாட்டில் இரண்டும் வேண்டாம்.

'ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடி' என்றானே வெள்ளைக்காரன், அவன் ரூமில் 16, 18 டிகிரி! சேலத்துச் சித்திரை வெயிலில் அப்படியே குடித்தால் வெந்நீர். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கடிச்சுக்க? ஆட்டையாம்பட்டி முறுக்கு இருக்க, சீஸ் எதற்கு? உப்பும் எண்ணெயும் துவர்ப்பைத் தணிக்கும். சேலத்துத் தட்டுவடை செட் மட்டும் கூடாது. காரச் சட்னியும் துவர்ப்பும் சேர்ந்தால் வாயில் தீபாவளி!

கணக்குப் போடுங்க!

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ். விலையை 5-ஆல் வகுத்தால் ஒரு கிளாஸ் மலிவுதான். ஆனால் ஒரே ராத்திரியில் காலி செய்தால்? பன்னிரண்டரை சதவிகித ஒயின் ஒரு பாட்டிலில் சுத்தச் சாராயம் சுமார் 94 மில்லி. 180 மில்லி பிராந்தி குவாட்டரில் 77 மில்லிதான்! "ஒயின்தானே, ஜூஸ் மாதிரி" என்று சொல்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

"ஹார்ட்டுக்கு நல்லதாமே" என்பார் இன்னொருவர். அது 1991-ல் அமெரிக்க டி.வி. நிகழ்ச்சி ஒன்று கிளப்பிவிட்ட பேச்சு. எந்த அளவு மதுவும் பத்திரம் இல்லை என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. ருசிக்காகக் குடிக்கிறோம் என்றால் அப்படியே சொல்லிக்கொள்வோம். மருந்து என்று வீட்டில் கதைவிட வேண்டாம்.

நண்பர் அப்படித்தான் மாட்டினார். ஷிராஸை ஊற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மாயி வந்துவிட்டார்.

"என்ன கண்ணு அது, ரோஸ் மில்க்கா?"

"ஒயின் அம்மாயி. ஒடம்புக்கு நல்லது. ஒரே ஒரு கிளாஸ்தான்."

அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாராம்: "எங்கப்பனும் மொதல்ல ஒரு கிளாஸ்னுதான் கண்ணு சொன்னாரு. காடு போச்சு, எங்கம்மா தாலிக்கொடி போச்சு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டவில்லை, அழவில்லை. நண்பருக்கு அதுதான் தாங்கவில்லை. கிளாஸில் இருந்ததைக் குடித்துவிட்டு, பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தார். ஒளித்து வைக்கவில்லை, மோர்ச் சொம்புக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தார்.

தினம் ஒரு கிளாஸ். திறந்த ரெட் ஒயின் மூடி வைத்தால் ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். தினமும் கதவைத் திறக்கும்போதெல்லாம் அம்மாயி மட்டத்தைப் பார்த்தாராம். ஆறாம் நாள் கேட்டார்:

"தீந்துபோச்சாட்ட இருக்குது. இன்னொண்ணு வாங்கலையா?"

"இல்ல அம்மாயி. இனி எப்பவாவது விசேஷம்னாத்தான்."

அம்மாயி ஒன்றும் சொல்லாமல் முறுக்கு டப்பாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாராம்.

குடி கேடு என்று பாட்டில் லேபிளிலேயே அச்சடித்திருக்கிறது. அதை நாம் படிப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்குப் படிக்காமலே தெரியும்!